ஐந்து, பூச்சியம்

பதினாறுக்குப் பதினாறு.
சதுர றூல் கொப்பியில் கட்டம் எண்ணிக் கோடு கிழித்தேன்.
இடக்கையை மேசையில் வைத்து
வலக்கையால் அதைப் பார்த்து வரைந்தேன்:
சுட்டுவிரல் நீட்டி, மற்றவை மடக்கி.
கறுத்த கட்டம் ஒன்று. வெறுங்கட்டம் பூச்சியம்.
கோட்டைக்குப் போன ஆறரை ரயில்
வெள்ளவத்தை ஜன்னலை உலுக்கியதில்
கட்டைவிரலுக்கு ஒரு கட்டம் கூடிவிட்டது.
அழிக்கவில்லை.

துறைமுகக் களத்துத் திரைக்கு
ஒரு கை கேட்டிருந்தார்கள்.
அம்புக்குறி சரிவரவில்லையாம்,
கிரேன் கோடுகளுக்குள் தொலைந்து போகிறதாம்.

முதல் ஓட்டத்தில் கை நடுவால் பிளந்தது,
பாதிக்குப் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு.
பிட்டுகளை நான் இடமிருந்து அடுக்கியிருந்தேன்;
அந்த இயந்திரம் ஒவ்வோர் எட்டையும்
வலமிருந்து வாசிக்கிறது.
"குர்ஆன் மாதிரி," என்றாள் அடுத்த மேசை ஸில்மியா,
வடையைக் கடித்தபடி.
திருப்பி அடுக்கினேன்.

இரண்டாம் ஓட்டத்தில்
கையைச் சுற்றி ஒரு வெள்ளைச் சதுரம்
திரையெல்லாம் இழுபட்டது,
மையித்து முகத்தை மூடும் துணி போல.
முகமூடி கொடுக்க மறந்திருந்தேன்.
ஒரு சுட்டிக்கு இரண்டு படம் வேண்டும்:
ஒன்று எந்த இடம் கறுப்பு, எந்த இடம் வெள்ளை என்று சொல்லும்;
மற்றது எந்த இடத்தில் நீ இருக்கிறாய் என்று சொல்லும்.
இரண்டாவதை வரைவதுதான் கஷ்டம்.
விரல் ஓரமாய் ஒரு புள்ளி தடித்து வரைந்தேன்,
கறுப்புக் கடலிலும் தெரிய, வெள்ளைக் களத்திலும் தெரிய.

சுட்டியைச் சர்வரிடம் கொடுத்த அடுத்த வரியில்
இரண்டு படத்தையும் அழித்துவிடலாம்.
அதற்குப் பிறகு கை அங்கே இருக்கும்,
என்னிடம் ஓர் இலக்கம் மட்டும்.
எனக்கு இது பிடித்திருந்தது. ஏனென்று தெரியாது.

வியாழன் இரவு பதினொன்றரைக்குத் துறைமுகத்திலிருந்து அழைப்பு.
மஹ்ரூஃப். இரவு முறை.
"தங்கச்சி, உங்கட கை தள்ளித் தொடுது."
நான் நம்பவில்லை. வாயால் மன்னிப்பும் கேட்கவில்லை.
மாலே கப்பலுக்கு வெங்காயம் போகவேண்டும்,
பக்கத்துப் பெட்டி டயர் ஏறிவிட்டதாம்.
வெங்காயம் வெயிலில் நின்றதாம், பகல் முழுக்க.

வெள்ளி காலை அவரே வந்துவிட்டார்,
கொம்பனித்தெரு மாடிப்படியில் மூச்சு வாங்கி,
கையில் ஹெல்மெட், பையில் அச்சடித்த களப்படம்.
ஒரு பெட்டிக்குத் திரையில் ஆறு புள்ளி அகலம்.
"இங்க தொட்டா," என்று கண்ணாடியில் விரல் வைத்தார்,
"இங்க எடுக்குது."

நடுவிரலால் காட்டினார்.
சுட்டுவிரல் முதல் கணுவோடு நின்றிருந்தது,
பழைய தழும்பு, நகமில்லை.

நான் திரையைப் பார்த்தேன்.
என் விரல் நீண்டு நின்றது,
நகத்துக்குக்கூட ஒரு புள்ளி விட்டிருந்தேன்.
"பெட்டி பூட்டு," என்றார் கேட்காமலே.
"தொண்ணூற்றெட்டில. இத விடுங்க, அத பாருங்க."

அது சின்னப் பிழை.
சுட்டி தொடும் இடம் என்று இரண்டு எண் கேட்பார்கள்.
நான் பூச்சியம், பூச்சியம் கொடுத்திருந்தேன்,
அம்புக்குறிக்குக் கொடுத்த பழக்கத்தில்.
அம்பின் முனை மூலையில் இருக்கும்.
கையின் முனை மூலையில் இல்லை:
விரல் ஐந்து புள்ளி உள்ளே நிற்கிறது.
கை காட்டியது ஒரு பெட்டியை,
எடுத்தது ஐந்து புள்ளி இடப்பக்கத்தை.

"வேணுமெண்டா நடுவிரலாக்கலாம்," என்று
வாய்க்குள் வந்ததைச் சொல்லாமல் விழுங்கினேன்.
அதையும் அவர் கேட்டிருப்பார் போல, சிரித்தார்.
"விரல் எதுவா இருந்தா என்ன,
தொடுற முனை சரியா இருக்கணும்."

ஐந்து, பூச்சியம்.
கம்பைல் ஓடும்வரை மணிக்கூண்டுச் சுட்டி
திரை நடுவில் சுற்றியது;
அதை வரைந்தது யாரோ, எனக்குத் தெரியாது.
ஸில்மியா தேத்தண்ணி கொண்டுவந்தாள்.
அவர் சீனி வேண்டாமென்றார், பிறகு போட்டுக்கொண்டார்.

பழைய பெட்டியின் மேல் கையைக் கொண்டுபோனேன்.
வெங்காயம். சிவப்புச் சட்டம் சரியாக விழுந்தது.
"உறுதியா?" என்று திரை கேட்டது.

மஹ்ரூஃப் குனிந்து
நடுவிரலால் எண்டரைத் தட்டினார்.